பென்குவினுக்கு வைத்த பொட்டு

பென்குவினின் நெற்றியில் பொட்டைப் பார்த்ததும் ஞானம்மாவுக்கு உள்ளங்காலில் கிளம்பிய கோபம் உச்சந்தலையில் போய்த்தான் நின்றது.

காலையில் அது இல்லை. அவள் நன்றாகப் பார்த்திருந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பூஜை நடக்கும் ஷெட்டுக்குப் போகாமல் முதல் வேலையாகத் தோட்டத்துக்குத்தான் ஓடிவந்தாள். கொடுக்காப்புளி மரத்தடியில், இடுப்பளவு உயரத்தில், கறுப்பும் வெள்ளையுமாக, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது அந்த சிமெண்ட் பென்குவின். நெற்றி துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ஷெட்டில் பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் யாரோ சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டிருந்தார்கள்.

இதற்குப் போய் ஒருத்தி கொதிப்பாளா என்று கேட்கலாம். ஆயுத பூஜை நாள். மண்ணூர் ரோட்டில் இருந்த அந்த வார்ப்புத் தொழிற்சாலையில் அன்றைக்குப் பொட்டு வைக்காத பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லேத்துக்குப் பொட்டு, எடைமேடைக்குப் பொட்டு, டைப்ரைட்டருக்குப் பொட்டு, கேன்டீன் கிரைண்டருக்குப் பொட்டு. பென்குவின் வடிவில் இருக்கிற குப்பைத்தொட்டிக்கும் ஒன்று வைத்தால் குடியா முழுகிவிடும்?

முழுகிவிடும். ஏனென்றால் ஞானம்மா தோட்ட உருவ ஆய்வுக் கழகத்தின் உறுப்பினர். அந்தக் கழகத்தில் பொட்டு என்றால் கழுத்தில் கயிறு என்று அர்த்தம்.

ஸ்ரீபெரும்புதூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தோட்டங்களில் நிற்கும் சிமெண்ட் உயிர்களைப் பற்றி முறையாகச் சிந்திக்கிற ஒரே அமைப்பு அதுதான். தலைவர் பலராமன், இதே தொழிற்சாலையில் டிராயிங் செக்ஷன். அவருடைய துறை கொக்கு. செயலாளர் ரகுபதி, கோயில் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். அவருடைய துறை மான். தோட்டத்து மான் எப்போதும் கேட்டைத்தான் பார்க்கும், ஆபீசைப் பார்க்காது என்பதை நிறுவியவர் அவர். பாப்பம்மாள் தேரடியில் பூக்கடைக்காரி, காளான் அவளுடையது. வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் காளான்கள் மேனேஜரின் கார் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் முளைப்பது ஏன் என்ற கேள்வியோடு அவள் பல வருஷங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்து சேர்ந்தவள் ஞானம்மா. தண்டலத்தில் ஒரு பெயிண்ட் குடோனில் டெலிபோன் எடுக்கும் வேலை. அவள் எடுத்துக்கொண்டது வாய் திறந்த பிராணிகள்.

அதாவது பென்குவின், முயல், கரடி, தவளை. மற்றவர்கள் குப்பைத்தொட்டி என்று சொல்லிவிட்டுப் போகிற ஜாதி.

கழகம் தொடங்கிய புதிதில் எது தோட்ட உருவம், எது இல்லை என்பதில் ஓயாத சண்டை. பெஞ்சு உருவமா? தாமரை மாதிரி விரிந்த விளக்குக் கம்பம் உருவமா? சண்டையைத் தீர்த்துவைத்தது பலராமன்தான். ஆயுத பூஜையன்று எதற்குப் பொட்டு வைக்கிறார்களோ அது வேலை செய்கிற பொருள், அது கருவி. பொட்டு வைக்காமல் விட்டது உருவம். அன்றைக்கும் ஆயுத பூஜைதான்; எலக்ட்ரீஷியன் ஒருவன் தாமரை விளக்குக்குப் பொட்டு வைத்துவிட, விளக்குக் கம்பங்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாவீது என்பவரின் துறை அந்த மத்தியானமே செத்தது. துறை போனால் உறுப்பினரும் போக வேண்டும் என்பது விதி. இன்றைக்கும் தாவீது இவர்களில் யாரைக் கண்டாலும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார்.

ஞானம்மாவுக்கு அந்த நிலைமை வந்துவிட்டது. பென்குவினுக்குப் பொட்டு விழுந்தால் வாய் திறந்த ஜாதி முழுவதும் கருவியாகிவிடும். இத்தனை வருஷமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு, கடைசியில் இந்த வருஷம் பூஜை முடிந்ததும் இந்தத் தோட்டத்தில் படிக்க அனுமதி கொடுத்திருந்த அவளுடைய கட்டுரை, கைப்பைக்குள் மடித்தபடியே கிடக்கும். அவளும் தேரடியில் ரோட்டைத் தாண்டிப் போகிறவளாகிவிடுவாள்.

"இன்னாம்மா ஞானம், இப்பிடி நின்னுட்ட?" என்று பாப்பம்மாள் மூச்சு வாங்க வந்தாள். பின்னாலேயே ரகுபதி. இருவரும் பென்குவினைப் பார்த்தார்கள். ரகுபதி "ஐயோ அக்கா" என்றார்.

மூன்று பேரும் பலராமனின் சொந்தக்காரர்கள் என்று சொல்லித்தான் உள்ளே வந்திருந்தார்கள். குடும்பத்தாருக்கு மட்டும்தான் அன்றைக்கு கேட் திறக்கும். பாப்பம்மாள் அத்தை, ரகுபதி மச்சான், ஞானம்மா சித்தப்பா பெண். "சித்தப்பா பொண்ணு கழுத்துல சிலுவை கீது?" என்று கேட் வாட்ச்மேன் கேட்டபோது, "சித்தப்பா தனி டைப்பு" என்று பலராமன் கண் சிமிட்டாமல் சொல்லியிருந்தார். தொண்ணூற்றொன்றில் இதை விட்டால் வேறு வழியும் இல்லை. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் கையில் டேப்பை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியவில்லை. குழந்தைகள் பூங்காவில் மானின் காதை அளந்த ரகுபதியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அவர் ஒரு மத்தியானம் முழுக்க மானைப் பற்றி விளக்கினார். விளக்கத்தை நிறுத்தினால் போதும், கிளம்பு என்று அனுப்பிவிட்டார்கள்.

பலராமன் நிதானமாக வந்தார். புது வேட்டி, காதில் எப்போதும்போல் பென்சில். பென்குவினைப் பார்த்து, பெரிய வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்போல் தலையை ஆட்டினார்.

"என்னத்தப் பண்றது ஞானம்மா. ஜனங்க முடிவு பண்ணிட்டாங்க. நாம ஒத்துக்கணும்."

"எந்த ஜனங்க சார்?"

"தொழிலாளர்கள். வயித்துலயே எழுதிருக்கே, யூஸ் மீன்னு. தன்னை உபயோகப்படுத்தச் சொல்ற ஒண்ணு எப்பிடி உருவம் ஆவும்? நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிகினுதானே வரேன்."

ஞானம்மா தலையைத் திருப்பினாள். சுவரோரமாகப் பார்த்தாள். துப்புரவுப் பிரிவுக்காரர்கள் தங்கள் துடைப்பங்களையும் தள்ளுவண்டியையும் கழுவி வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று விரல் சந்தனத்தை அள்ளி இழுத்த இழுப்பு. குங்குமம் வழிந்து கைப்பிடியெல்லாம் சிவப்பு. சந்தோஷமாக வைத்த பொட்டு அப்படித்தான் இருக்கும். பென்குவினின் நெற்றியில் இருந்ததோ வட்டம். சாதாரண வட்டம் இல்லை. காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம்.

அவள் குனிந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். சந்தனத்தின் விளிம்பைத் தாண்டி, மேலே, கீழே, இடது, வலது நான்கு பக்கமும் மெல்லிய பென்சில் கோடு எட்டிப் பார்த்தது. நீளமாக ஒன்று, துண்டாக ஒன்று, மறுபடி நீளமாக ஒன்று. மையக்கோடு. டிராயிங் போர்டில் வட்டம் போடுகிறவன் முதலில் போடுகிற கோடு. அது இல்லாமல் வட்டம் போட்டால் மேஸ்திரி பேப்பரைக் கிழித்துவிடுவான் என்று பலராமனே அவளிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"சார்," என்றாள். "பூசணிக்கா உடைக்கும்போது செருப்பு மாத்திகினு வரேன்னு போனீங்களே. இங்க வந்துதான் மாத்தினீங்களா?"

பலராமனின் முகத்தில் ரத்தம் ஏறியது. "இன்னா பேசற நீ?"

"வந்து பாரு ரகுபதி. பாப்பம்மாக்கா, நீயும் வந்து பாரு. இந்தத் தொழிற்சாலைல குப்பத்தொட்டிக்கு மையக்கோடு போட்டுப் பொட்டு வெக்கிற தொழிலாளி யாரு கீறாரு? சொல்லுங்க. நான் கையெடுத்துக் கும்புடறேன்."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். பாப்பம்மாள் நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அதிர்ச்சியா என்று தெரியவில்லை. பலராமன் காதிலிருந்த பென்சிலை மெதுவாக எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை.

"சரி, வெச்சேன்," என்றார். "கழகத்துக்காக வெச்சேன். நீ இன்னிக்கி பென்குவின் கட்டுரை படிச்சா நாளைக்கு ஊரு நம்மள இன்னான்னு சொல்லும்? குப்பத்தொட்டி சங்கம்னு சொல்லும். கொக்கு, மானுன்னு எவ்ளோ மரியாதையா வளத்தது இது."

"மரியாதையா! என் கட்டுரைக்கு மரியாதை இல்ல, திருட்டுப் பொட்டுக்கு மரியாதை கீதா?"

"திருட்டு கிருட்டுன்னு பேசாத. ரகுபதி, விதியச் சொல்லு."

ரகுபதி நெளிந்தார். செயலாளராக இருப்பதன் கஷ்டம் அதுதான். "பொட்டு பெற்றது கருவி. பொட்டு பெறாதது உருவம்."

"யார் வெக்கணும்னு கீதா அதுல?"

"இல்ல சார்."

"அவ்ளோதான்."

ஞானம்மாவுக்குக் கண் இருட்டியது. கட்டுரை படிக்க விடாதது ஒரு அநியாயம் என்றால், தன் கையால் குற்றம் செய்துவிட்டு, தானே எழுதிய விதியைக் காட்டி நியாயமும் பேசுவது எந்த ஊர் வழக்கம்? அவள் இந்தப் பிராணிகளைப் பார்ப்பதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்த கையோடு வெயிலில் பஸ் மாறிப் போயிருக்கிறாள். ஒரகடம் பக்கம் ஒரு பொட்டல் வெளியில் கம்பெனி வரப்போகிறது என்று பலகை மட்டும் இருந்தது. கட்டடம் இல்லை, கேட் இல்லை, ஆனால் ஒரு கரடி மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இந்த மனிதருக்கு அதெல்லாம் தெரியுமா? கொக்கையே கட்டிக்கொண்டு அழுகிறவருக்கு?

"பாப்பம்மாக்கா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"எனக்கும் பயமாத்தான் கீதும்மா," என்றாள் பாப்பம்மாள் தாழ்ந்த குரலில். "இன்னிக்கி உன் பென்குவினு. நாளைக்கி கோவம் வந்தா என் காளானுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுவாரு."

அப்போது தொழிலாளி ஒருவரின் மனைவி, பொங்கல் சாப்பிட்டு முடித்த தொன்னையோடு பென்குவினை நோக்கி வந்தாள். வழக்கம்போல் அதன் வாய்க்குள் போடக் கையை நீட்டினாள்.

ஞானம்மா குறுக்கே போய் நின்றாள். யோசித்துச் செய்யவில்லை; கோபம் அவளைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியது.

"போடாதம்மா. பொட்டு வெச்சிருக்கு பாரு. ஆயுதத்துக்கு இன்னிக்கி ஓய்வு."

அந்தப் பெண் பொட்டைப் பார்த்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, கவனிக்கலக்கா," என்று பென்குவினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. பொட்டு வைத்த அரிவாள்மணையில் அன்றைக்குக் காய் நறுக்க மாட்டாள். பொட்டு வைத்த சைக்கிளை அவள் புருஷன் மிதிக்க மாட்டான். மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள். தொன்னையை எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பத்தடி தள்ளி நீரூற்று இருந்தது. அதன் மோட்டாருக்கும் பொட்டு வைத்துவிட்டதால் தண்ணீர் இல்லை. காய்ந்த தொட்டிக்குள் பலராமனின் மூன்று கொக்குகள் கழுத்தை வளைத்து நின்றுகொண்டிருந்தன. அவள் தொன்னையை அவற்றின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

கூட்டத்தில் ஒருவர் போட்ட இடத்தில்தான் மற்றவர்களும் போடுவார்கள். அடுத்து வந்தவர், அதற்கடுத்து வந்தவர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர் எல்லோரையும் ஞானம்மா பென்குவின் முன்னால் நின்று தடுத்தாள். எல்லோரும் பொட்டைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், நீரூற்றுக்குப் போனார்கள். தொன்னைகளும் சுண்டல் காகிதமும் வாழைப்பழத் தோலும் கொக்குகளின் முழங்கால் வரை ஏறின. யாரோ ஒரு குறும்புக்காரன் நடுக்கொக்கின் அலகில் ஒரு தொன்னையைக் கவிழ்த்துவிட்டுப் போனான். காக்கைகள் வந்தன.

"ஞானம்மா!" என்று பலராமன் கத்தினார். "வழிய வுடு! இன்னா அநியாயம் இது!"

"அநியாயமா? விதி சார். கருவின்னா இன்னிக்கி அதுக்கு வேல கெடயாது. நீங்கதான கருவின்னீங்க?"

துப்புரவு மேற்பார்வையாளன் சுபாஷ் ஓடிவந்தான். "இன்னா சார், ஃபவுன்டன்ல குப்ப? பக்கத்துலயே தொட்டி கீதே?"

"பொட்டு வெச்சிருக்கு தம்பி," என்றாள் ஞானம்மா.

சுபாஷ் பென்குவினைப் பார்த்து விழித்தான். "எங்க ஆளுங்க யாரும் வெக்கலியே. இத யாரு..." என்று தொடங்கி, பெரியவர்கள் சண்டையில் மாட்டிக்கொள்ள விரும்பாமல் நிறுத்தினான். "சரி, வெச்சது வெச்சதுதான். தொடைக்கக் கூடாது. நாளைக்கி காலைல அள்ளிக்கலாம் சார். இன்னிக்கி எவனும் தொடப்பம் தொட மாட்டான்." போய்விட்டான்.

பலராமன் கொக்குகளைப் பார்த்தார். காக்கை ஒன்று நடுக்கொக்கின் முதுகில் உட்கார்ந்து சுண்டல் கொத்திக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். இரண்டு கையாலும் அள்ளினார். நெய்யும் வெல்லமும் முழங்கை வரை வழிந்தன. அள்ளிக்கொண்டு எங்கே போவது? பென்குவின் பக்கம் திரும்பினார். ஞானம்மா நகரவில்லை. அவர் முறைத்துவிட்டு கேட்டை நோக்கி நடந்தார். வெளியே ரோட்டோரம் போட்டுவிடலாம் என்ற நினைப்பு.

"சார், சார், நில்லுங்க," என்று வாட்ச்மேன் கையை நீட்டினான். "கேட் பாஸ்?"

"குப்பைய்யா இது!"

"குப்பையானாலும் கம்பெனி குப்ப சார். உள்ளேருந்து எது போனாலும் பாஸ் வேணும். ஸ்டோர் இன்னிக்கி லீவு. நாளைக்கி போட்டுகினு வாங்க."

பாப்பம்மாள் இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை, வெளிப்படையாகவே சிரித்தாள்.

பலராமன் திரும்பி வந்தார். தொன்னைகளை மார்போடு அணைத்துக்கொண்டு பென்குவின் முன்னால் நின்றார். அவருடைய புது வேட்டியில் பொங்கல் ஒட்டியிருந்தது. ஞானம்மாவுக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. அடுத்த நொடி அந்த மையக்கோடு கண்ணில் பட்டது, பாவம் போய்விட்டது.

"போடணும்னா போடுங்க," என்று ஒதுங்கினாள். "நான் தடுக்கல. ஆனா பொட்டு வெச்ச ஆயுதத்த இன்னிக்கி நீங்க வேல வாங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பென்சிலையே வீட்ல பூஜைல வெச்சிட்டு வேற பென்சில்தான் எடுத்தாந்திருப்பீங்க. அதனால போட்டீங்கன்னா, இது கருவி இல்லன்னு நீங்களே சொன்ன மாதிரி. இல்லன்னா எடுத்துகினுபோய் கொக்குகிட்டயே வெச்சிடுங்க. நாளைக்கி காலைல வரைக்கும் காக்கா பாத்துக்கும்."

பலராமன் கொக்கைப் பார்த்தார், பென்குவினைப் பார்த்தார். பிறகு வேறு யாரையும் பார்க்காமல், தொன்னைகளை ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் போட்டார். ஒவ்வொன்றும் உள்ளே விழும் சத்தம் கேட்டது.

"ரகுபதி," என்றார் பென்குவினையே பார்த்தபடி. "பொட்டு செல்லாது. உருவம்னு எழுதிக்கோ."

"காரணம் சார்?"

"காரணம் எழுத வேணாம்."

"எழுதணும்," என்றாள் ஞானம்மா.

"தலைவரின் தவறுன்னு எழுது," என்றார் பலராமன். அந்த வார்த்தை வெளியே வர நேரம் பிடித்தது. "படி ஞானம்மா. பத்து நிமிஷம் தரேன்."

அடங்கிக்கொண்டிருந்த கோபம் மறுபடியும் குபுகுபுவென்று ஏறியது. "பத்து நிமிஷமா? போன வருஷம் கொக்கோட ஒத்தைக் காலுக்கு மட்டும் முக்கா மணி நேரம் எடுத்தீங்க! இன்னொரு கால் எங்கன்னு இன்னும் சொல்லல!"

"அரை மணி," என்றார் பலராமன் களைத்துப்போய்.

பாப்பம்மாள் புல்லில் உட்கார்ந்தாள். ரகுபதி பக்கத்தில் நின்ற சிமெண்ட் மானின் மேல் சாய்ந்துகொண்டார். ஞானம்மா கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பிரித்து, பென்குவினுக்குப் பக்கத்தில் நின்று, ஆத்திரம் தணியாத குரலில் படிக்கத் தொடங்கினாள்.

"குழந்தைகள் பூங்காவில் ஒரு பழைய முயல் இருக்கிறது. அதன் வாய்க்குள் கையை விட்டால் மணிக்கட்டோடு முட்டும். உள்ளே வயிறு கிடையாது, கெட்டி சிமெண்ட். குப்பை போடுவதற்காகத்தான் வாய் என்றால், வயிறு இல்லாத முயலுக்கு வாய் எதற்கு? ஆகவே வாய்தான் முதலில் வந்தது. அந்த முயல் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டது. குப்பை போடுகிற வழக்கம் பிற்பாடு வந்தவர்களுடையது..."

கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஊருக்குத் திரும்ப வேண்டிய குடும்பங்கள் ஓடின. இவர்கள் நான்கு பேரும் அசையவில்லை. இரண்டாவது பக்கத்துக்கு வந்தபோது, வெல்லம் ஒட்டிய கை ஒன்று மெதுவாக உயர்ந்தது.

"ஒரு ஆட்சேபணை," என்றார் பலராமன்.

"முடிச்சப்புறம்!" என்றாள் ஞானம்மா.

கை இறங்கியது. அவள் பக்கத்தைத் திருப்பினாள்.